பஞ்சுக் குதிரை

விஜயகுமாரி என்ற பெயரை ரங்காத்தாள் முதன்முதலில் கேட்டது, நாத்தனார் மயிலாள் தன் மகளுக்குச் சீர் செய்த அன்று. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மயிலாள், பருப்பைப் பிசைந்துகொண்டே அந்தக் கதையை எடுத்தாள். பெருமாநல்லூரில் ரங்காத்தாளுக்கு வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒரு லைன் வீடு உண்டு; ஆள் வைப்பது அவள் வீட்டுக்காரர் பொறுப்பு. அதில் கடைசி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், மொட்டை மாடியில் ஒரு குழாயை நிறுத்தி, பொழுது விழுந்தால் வானத்தைப் படம் பிடிக்கிறாளாம்.

"யாரு பொண்ணு?" என்றாள் ரங்காத்தாள். யாரைப் பற்றிச் சொன்னாலும் அவள் முதலில் கேட்பது அதுதான். மூன்று தலைமுறை உறவை விரல் மடக்காமல் சொல்லுவாள்.

"தாராபுரத்துப் பக்கமாமாங் நங்கை. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஒண்டிக்கட்டை" என்றாள் மயிலாள். அண்ணியை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் பொழுது விழுந்ததும், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் ரங்காத்தாள் லைன் மாடி ஏறினாள். முப்பது வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முக்காலியின் மேல் சின்னத் தொலைநோக்கி, அதன் பின்னால் பழைய கேமரா, வானம் நகர நகரக் கூடவே திருப்புகிற ஒரு மோட்டார். எல்லாம் யாரோ வைத்திருந்து விற்றவை. கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக எழும்புகிறதே, அதில் கடைசி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புகைமூட்டம் இருக்கிறது, அதன் முன்னால் கறுப்புத் தூசு குதிரைத் தலை மாதிரி நிற்கிறது, கண்ணுக்குத் தெரியாது, நூற்றுக்கணக்கில் படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மெல்லத் தெரியும் என்றாள் விஜயகுமாரி. ரங்காத்தாளுக்குப் பாதி புரிந்தது. ஆனால் அவள் சொன்ன விதம் பிடித்துப்போயிற்று.

போன வருசம் அந்தக் குதிரை வந்துவிட்டது என்று விஜயகுமாரி லைன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாள். படத்தில் சாம்பல் வானம், நடுவில் கறுப்பாக வளைந்த கழுத்து. மறுவாரம் நிலாவை எடுத்தாள். நிலாவிலும் குதிரை நின்றது. பகலில் கோயில் கோபுரத்தை எடுத்தாள். கோபுரத்து மேலும் அதே குதிரை. கம்பெனியில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட்டால் கேமராவின் உள் கண்ணாடியைத் துடைத்திருக்கிறாள். அதிலிருந்து உதிர்ந்த பஞ்சுதான் ஒட்டிக்கொண்டு குதிரையாகியிருந்தது. கம்பெனியில் துணியில் ஒரு நூல் பிசிறு இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள், தன் கேமராவில் கோட்டைவிட்டாள்.

அன்றிலிருந்து லைனில் அவளுக்குப் பெயர் பஞ்சுக் குதிரை. மயிலாள் எதிரில் பார்க்கும்போதெல்லாம், "ஏங்கண்ணு, குதிரைக்குக் கொள்ளு வெச்சாச்சா?" என்பாள். விஜயகுமாரி சிரித்துக்கொண்டு போய்விடுவாள். ஆனால் அதன்பிறகு தினமும் தொலைநோக்கியின் வாயில் வெள்ளை டி-சர்ட் ஒன்றை இழுத்துக் கட்டி, முதலில் அந்த வெள்ளையைப் படம் எடுத்துப் பார்ப்பாள். கண்ணாடியில் ஒரு தூசு இருந்தாலும் வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குள் ரங்காத்தாளின் வீட்டுக்காரர் கிட்டுசாமி லைனுக்குப் பக்கத்திலேயே பனியன் தைக்கப் புது ஷெட் போட்டார். பொங்கல் கழிந்தால் மெஷின் வரும், நைட் ஷிஃப்ட் ஓடும், நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் எரியும். அதற்குப் பிறகு அந்த மாடியிலிருந்து மங்கலான எதையும் எடுக்க முடியாது. வேறு இடம் பார்க்க விஜயகுமாரிக்கு வழியில்லை. அவளுக்கு மிஞ்சியது பொங்கல் லீவு. கம்பெனிகள் எல்லாம் அடைத்து, ஆட்கள் சொந்த ஊருக்குப் போய், சுற்றுவட்டாரமே இருட்டாகிற வாரம் அது. அமாவாசையும் கூடி வந்தது. அவள் மட்டும் ஊருக்குப் போகவில்லை.

பொங்கலன்று பொழுது சாய்ந்ததும் ரங்காத்தாள் ஷெட்டுக்குப் போய் நாலு ஃபோகஸ் லைட்டையும் போட்டாள். புதுக் கட்டடம் முதல் பொங்கலுக்கு இருட்டில் கிடக்கக் கூடாது என்பது அவள் மாமியார் வழி வந்த வழக்கம். வெளிச்சம் நேராக மாடியில் போய் விழுந்தது. விஜயகுமாரி இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, இந்த அஞ்சாறு நாள்தானுங்க எனக்கு இருக்குது. லைட்டை அமத்த முடியுங்களா?"

"முதல் பொங்கல் கண்ணு. இருட்டா எப்படிப் போடறது?"

ரங்காத்தாள் அண்ணாந்து பார்த்தாள். குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. லைனே சிரித்த பிறகும் அவள் தினமும் தவறாமல் கட்டுகிற துணி. மாமியார் காலத்தில் ஃபோகஸ் லைட் ஏது? அவள் ஏற்றியது ஒரு அகல்தானே. வீட்டுக்குப் போய் அகலும் எண்ணெயும் கொண்டுவந்து, காலி ஷெட்டின் நடுவில் ஏற்றிவைத்து, நாலு ஸ்விட்சையும் அமத்தினாள்.

"இது போதும். நீ போய் உன் குதிரையைப் புடி."

அந்த வாரம் முழுக்க அந்திக்கு அந்தி அவளே போய் அகல் ஏற்றினாள். கிட்டுசாமி கேட்டதற்கு, எங்கள் அத்தை சொன்னபடி செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அவர் தம் அம்மாவை எதிர்த்துப் பேசி அறியாதவர்.

லீவு முடிந்து ஆட்கள் திரும்பியதும் ஒரு சாயங்காலம் விஜயகுமாரி லேப்டாப்பை வாசலில் பிளாஸ்டிக் சேரின் மேல் வைத்தாள். லைனே கூடிவிட்டது. மயிலாள் முன்னால் வந்து நின்று, "இது எந்தக் கம்பெனிப் பஞ்சு கண்ணு?" என்றாள்.

விஜயகுமாரி முதலில் வெள்ளை டி-சர்ட் படத்தைத் திறந்தாள். "நீங்களே செக்கிங் பண்ணுங்க."

மயிலாள் மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து, மூலைக்கு மூலை தேடினாள். ஒரு புள்ளி இல்லை. "சுத்தம்" என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் விஜயகுமாரி அடுத்த படத்தைத் திறந்தாள். சிவப்புத் திரை விரித்த மாதிரி ஒளி. அதன் முன்னால் கழுத்தை வளைத்து, முகத்தைத் திருப்பி, கறுகறுவென்று ஒரு குதிரைத் தலை. யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை. ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தைகூடக் கையை நீட்டிற்று.

"நிசமாவே குதிரைதானுங் நங்கை" என்றாள் மயிலாள், மெதுவாக. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒருத்தி, யார் வீட்டுப் பொண்ணு இது என்று கேட்டாள்.

"எங்க லைன் பொண்ணு" என்றாள் ரங்காத்தாள்.

கிட்டுசாமி அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஷெட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பனியன் ஆர்டர் கொடுக்க வருகிற பையர்களிடம் நம்ம மாடியில் பிடித்தது என்று சொல்லிக்கொண்டார். ஃபோகஸ் லைட்டுக்கெல்லாம் தகரத்தில் மூடி போட்டு, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி திருப்பிவைத்தார்.

விஜயகுமாரி இப்போதும் அந்தக் கடைசி வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் செக்கிங் டேபிள், பொழுது விழுந்தால் மாடி.