நாத்தனார் கொடுத்த சிறுநீரகம்

டயாலிசிஸுக்குப் போகிற எங்களுக்கெல்லாம் அவர் வேன்காரம்மா. வாரம் மூன்று நாள் வாசலில் ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போவார். ஊசியைக் கழற்றியதும் தள்ளாடி வருகிற எங்களைத் திரும்ப வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பார். அதற்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியவர்.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்று ஒருமுறை சொன்னேன்.

"மனசா? இது வயித்தெரிச்சல்ல ஆரம்பிச்சதுங்க" என்று சிரித்தார். அவர் சொல்லித்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கணவருக்கு அச்சகத்தில் வேலை. நாற்பது வயதில் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவார். மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் பக்கத்திலேயே இருப்பார். குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்து, கால் வீங்கியிருக்கிறதா என்று தினமும் அழுத்திப் பார்த்து, இப்படியே நாலு வருடம்.

தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதாகச் சொல்லிப் பரிசோதனை செய்துகொண்டார். பொருந்தவில்லை. வெளியூரிலிருந்த நாத்தனாருடையது பொருந்தியது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

கண் விழித்ததும் கணவர் கேட்டது, "தங்கச்சி எப்படி இருக்கா?"

"நியாயமான கேள்விதான். ஆனா பக்கத்துல நின்ன எனக்குச் சுருக்குன்னுச்சு" என்றார் வேன்காரம்மா.

அப்புறம் வீட்டில் எதற்கெடுத்தாலும் தங்கச்சிதான். காலையில் எழுந்ததும் முதல் போன் அவளுக்கு. பார்க்க வருகிறவர்கள் வாயிலும் அவள் பெயர்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "உள்ளேதான் அவ இருக்காளே, வெளியே நான் எதுக்கு?" என்று கேட்டுவிட்டார். கணவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பழைய டயாலிசிஸ் நாள் வந்தால் வேன்காரம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் சும்மா அந்த நிலையத்துக்கே போனார். கணவரோடு டயாலிசிஸ் செய்துகொண்ட வெல்டர் ஒருவர் பஸ் நிறுத்தத்தில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தார். அவரை ஏற்றி வீட்டில் விட்டார். மறுவாரம் மூன்று பேர் ஏறினார்கள். வெல்டரின் அண்ணன் பழைய வேன் ஒன்றைக் கொடுக்க, அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள்.

"அவ ஒரு உயிரைத்தானே காப்பாத்தினா, நான் பத்துப் பேரைக் காப்பாத்திக் காட்டறேன்னு ஒரு வீம்பு" என்றார்.

அறக்கட்டளையின் மூன்றாம் ஆண்டுக் கூட்டத்தில் கணவரைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தவர் கடைசிவரை, ஊரிலிருந்து வந்திருந்த தங்கையைப் பற்றியே பேசினார். எல்லோரும் எழுந்து நின்று அவளுக்குக் கைதட்டினார்கள். வேன்காரம்மா வெளியே போய், துடைத்த வேன் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"உனக்கென்ன வந்துச்சு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு வரச் சொன்னாங்க. ரெண்டு வருஷமா போகல. இருக்கிற ஒண்ணும் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டா? தனியா போக பயமா இருக்கு."

"உங்க அண்ணன்தான் தினமும் பேசறாரே, அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவர்கிட்ட நல்லா இருக்கேங்கறதைத் தவிர வேற என்னத்த சொல்றது அண்ணி? அப்படியே உடைஞ்சு போயிடுவாரு."

மூன்று வருடத்தில் அவள் உடம்பைப் பற்றித் தான் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை என்பது வேன்காரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் இருவரும் போனார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. ரத்தக் கொதிப்பு மட்டும் கொஞ்சம் ஏறியிருந்ததால் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருடத்திலிருந்து, சிறுநீரகம் கொடுத்தவர்களையும் அறக்கட்டளை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறது. நாத்தனார் போகிற அன்று மட்டும் வேன்காரம்மா வேறு யாரிடமும் வேன் சாவியைக் கொடுக்கமாட்டார்.

"அப்போ பொறாமை போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"எங்கே போகும்? இன்னிக்குக் காலையிலகூட அரை மணி நேரம் அவகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு. எனக்குப் பத்திக்கிட்டுதான் வந்துச்சு" என்றபடி வேனை ஓரம் கட்டினார். "பார்த்து இறங்குங்க."