மதினியின் பதினேழு வளைவுகள்

நான்காக மடித்த ஒரு தாள். அதன் ஓரத்தில் ஒன்று முதல் பதினேழு வரை எண்கள். எண்களுக்கு எதிரே ‘செகண்ட்’, ‘ஃபஸ்ட்’, மறுபடி ‘செகண்ட்’ என்று பென்சில் எழுத்து. என் அண்ணன் மனைவியை, நான் மதினி என்று அழைப்பவரை, நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது அந்தத் தாள்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் பதினேழு கொண்டைஊசி வளைவுகள் உண்டு. எந்த வளைவில் பேருந்து எந்தக் கியரில் ஏறுகிறது என்று மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்களைக் கேட்டுக் கேட்டு மதினி தொகுத்த பட்டியல் அது. சாலையின் ஏற்றஇறக்கத்தைக் காட்டும் சரிவுக் கோடுகள் செல்பேசியில் கிடைக்காமலில்லை. “அந்தக் கோடு மலைய மேல இருந்து பாத்தது. டிரைவரு சக்கரத்துல பாத்தவரு” என்பார்.

அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது; தபால் நிலையத்தில் வேலை; உட்கார்ந்து சாப்பிடவும் பொறுமை கிடையாது. அவர்கள் வீடு திருப்பரங்குன்றத்தில். நான் பசுமலையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்தேன். சமவெளிக்காரர்களுக்கு ஏறிப் பழக மலைச்சாலை ஏது? மதினி மிதிவண்டியில் ரயில்வே மேம்பாலத்தில் ஏறி இறங்கினார். சில காலைகளில் நாற்பது முறை. பாலத்தடியில் இளநீர் விற்றவர் பல நாள் பொறுத்திருந்து கேட்டாராம்: “எக்கா, எதையும் தொலச்சிட்டீகளா? சொன்னா நானும் தேடுவேன்ல?”

தொலைத்தது உண்டு. முந்தைய ஆண்டு பதினோராம் வளைவில் மூச்சுமுட்டிக் காலை ஊன்றியவர், மீண்டும் மிதிக்க முடியாமல், தோட்டத்து ஜீப் ஒன்றில் இறங்கி வந்தார். அண்ணன் அதை விசேஷ வீடுகள்தோறும் பந்தியில் சொன்னார்: “எம் பொண்டாட்டி சைக்கிள்ல மலைக்குப் போனா. சைக்கிளு ஜீப்புல வந்துச்சு.” மதினியும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் மேசைக்கடியில் அவர் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மதுரையிலிருந்து மூணாறு வரை ஒரே நாளில் போய், மறுநாள் திரும்ப வேண்டும். பதினேழு வளைவிலும் கால் தரையில் படக் கூடாது. அவர் வேண்டியது அவ்வளவுதான்.

பொறுமை வேண்டிய பகுதியை என்னிடம் விட்டிருந்தார். எங்கே தண்ணீர், எங்கே நிழல், எங்கே எத்தனை நிமிடம் என்று நான் எழுதுவேன். ‘ஆண்டிபட்டியில் பத்து’ என்று எழுதினால் அவர் ‘ஐந்து’ என்று திருத்துவார். நான் மறுபடி பத்தாக்குவேன். திட்டத்தின் உயிர் கியர்ப் பட்டியலில் இருந்தது. சரிவு குறைந்த ‘செகண்ட்’ வளைவுகளில் காலை இளைப்பாற்றி, சேமித்த பலத்தைச் செங்குத்தான ‘ஃபஸ்ட்’ வளைவுகளில் செலவிட வேண்டும்.

புறப்பட ஒரு வாரம் இருக்கையில், நிற்குமிடங்களைச் சரிபார்க்க நான் மட்டும் பேருந்தில் மலையேறினேன். இடப்புறச் சன்னலோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டே வந்தபோதுதான் பிழை புலப்பட்டது. இடதுபுறம் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஹாரனை அலறவிட்டு, எதிர்ப்பக்கத்துக்கே போய், சரிவு குறைந்த வெளியோரமாகச் சுற்றி ஏறினார். இடப்பக்கம் ஒதுங்கி ஏற வேண்டிய மிதிவண்டிக்கு வாய்ப்பது உள்ளோரம். அதுவோ கிணற்றுப்படி போல நின்றது. ஒன்றுவிட்டு ஒரு வளைவு, பட்டியல் பொய். மதினி இளைப்பாற எண்ணியிருந்த இடங்களே அவரை வீழ்த்தக்கூடியவை.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்துவிட்டுச் சொன்னேன்.

“அப்ப நானும் பஸ்ஸு மாதிரி வெளிய சுத்திப் போறேன்.”

“பஸ்ஸுக்கு ஹாரன் இருக்கு மதினி. ஒங்க மணி எறங்கி வாரவனுக்குக் கேக்காது.”

“அப்ப ஊனச் சொல்ற?”

“ஊனுனா என்ன மதினி?” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தாமாக வந்து என்னை ஆரப்பாளையத்துக்கு அழைத்துப் போனார். பட்டியலுக்கு அதிகம் சொல்லியிருந்த ஓட்டுநர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இம்புட்டுக் கேட்டீக. நீங்க எந்தப் பக்கமா ஏறுவீகன்னு நான் கேக்கலையேக்கா.” தாளை வாங்கி ஒருமுறை பார்த்தார். “மலையில ஏறுற வண்டிக்குத்தான் எறங்குற வண்டி வழி விடணும். சைக்கிளும் வண்டிதான? ஞாயித்துக்கெழம நாந்தான் மேல போறேன். எதுக்க வாரவுககிட்ட சொல்லி விடுறேன்.”

வாய்ச்சொல்லை நம்பி மலையேறுவதா என்று எனக்குக் கலக்கம். மதினி இருட்டோடு கிளம்பிப் போன ஞாயிறு முற்பகல் முழுவதும் அண்ணன் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். வளைவுகளில் செல்பேசிக்குச் சிக்னல் கிடையாது. அண்ணன் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பிடித்திருந்தார். “பாப்பா, அந்த ஜீப்புக்காரன் நம்பர் எங்கிட்ட இருக்கு” என்றார். அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் அழைப்பு வந்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. “ஏத்தா, மெட்டுல நிக்கிறேன். ஊனல.”

“எப்பிடி மதினி?”

“நாலு வளைவுல பஸ்ஸ நிப்பாட்டிட்டாகத்தா. ரோடு பூராம் எனக்கு விட்டுட்டு மேல நிக்கிறாக. சன்னல்ல அம்புட்டுத் தலை. அம்புட்டுப் பேரு பாக்கையில எப்பிடித்தா கால ஊனுறது? மத்த வளைவெல்லாம் எப்பிடி ஏறுனேன்னு கேக்காத.”

இன்று மதினிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மிதிவண்டியை மருத்துவர் தடுத்துவிட்டார். சென்ற மாதம் இருவரும் மூணாற்றிலிருந்து பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவின் மேல்முனையில் பேருந்து நின்றது. மதினி என் மடிமீது சாய்ந்து, சன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினார். கீழே தக்காளிக் கூடைகளோடு ஒரு லாரி முனகி முனகி ஏறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் ஒருவர், “எம்புட்டு நேரம்ணே நிப்பீக? எடுங்க” என்று சலித்துக்கொண்டார்.

மதினி திரும்பினார். “ஏறுறவுக ஏறட்டும்யா. ஒக்காந்துதான வார, நீ என்ன மிதிக்கவா செய்யிற?”