ஆனா எழுதாத பள்ளிக்கூடம்

‘நீ பள்ளிக்கூடம் போனாய். உன்ரை பிள்ளை போகக்கூடாதோ?’

அண்ணை இதைக் கேட்டது தை மாதம். கோப்பாயில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் புதுச் சப்பாத்தும் தண்ணீர்ப் போத்தலுமாய் நேசரிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய காலை. என் மகள் அபி மட்டும் கிணற்றடியில் இருந்து மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை சும்மா கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு சைக்கிள் இருந்தது.

எங்கள் வீட்டில் முழுதாகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சாதாரண தரம், உயர்தரம், பிறகு கம்பஸ்... எல்லாவற்றிலும் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருவேன், மன்னியுங்கள். அண்ணைக்கு என்னைவிடப் பத்து வயது கூட. இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, அவருடைய பள்ளிக்கூடம் எங்கேயோ வழியில் நின்றுவிட்டது. அரியாலைக் கடலுக்கு அப்பாவோடு இறங்கிவிட்டார். காலையில் வலையோடு வந்து, கை கழுவி, என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடப் படலை வரை கொண்டுபோய் விடுவார். படலைக்கு உள்ளே ஒரு நாளும் வந்ததில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், ‘அபியை நேசரிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிப்பிக்கப் போகிறேன்’ என்றால்?

நான் நேசரிக்கு எதிரி இல்லை. ஐந்து வயது முடிந்ததும் அபி முதலாம் வகுப்புக்குப் போகத்தான் போகிறாள். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, மூன்றரை வயது, நேசரி வீட்டுப்பாடமாய்ப் பக்கம் முழுக்க ஒரே எழுத்தை எழுதி முடிக்கும் வரை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து அழுததைப் பார்த்தேன். அன்றைக்கே முடிவெடுத்தேன். வீட்டில் இருந்து எழுதுகிற வேலைதானே எனக்கு? இந்த இரண்டு வருடமும் என்னுடையது.

அண்ணை ஒரேயடியாய்ச் சொன்னார்:

‘அப்ப ஏடு தொடக்கிறதுக்கும் என்னைக் கூப்பிடாதை. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு என்னத்துக்கு ஏடு?’

சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மடியில் இருத்தித்தான் ஏடு தொடக்குவோம். விஜயதசமிக்குக் கோயிலில் ஐயர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைப்பார். அபிக்குப் போன வருடமே நடந்திருக்க வேண்டும். என் கணவரின் பெரியப்பா தவறியதால் துடக்கு, தள்ளிப் போனது.

இதில் இன்னொரு சிக்கல். என் கணவர் மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ சொன்னவர், ஒன்றுக்கு மட்டும் நிபந்தனை போட்டார். ‘எதை வேணுமெண்டாலும் பழக்கு. ஏடு தொடக்க முன்னம் எழுத்து மட்டும் பழக்காதை. அது சரியில்லை.’

யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு பள்ளிக்கூடம். அதில் எழுத்துக்குத் தடை.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள். பென்சில், பேனை எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். அபி கரித்துண்டைக் கண்டுபிடித்துக் கிணற்றுக்கட்டு முழுக்க மீன் கீறினாள். மீன் எழுத்தில்லையே... விட்டுவிட்டேன்.

எழுத்து இல்லாவிட்டால் என்னதான் படிப்பிப்பது என்று முதல் கிழமை திகைத்தேன். இரண்டாம் கிழமை நேரம் போதவில்லை.

வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துக் கலியாணக் கார்டுகளின் பின்பக்கத்தில் அச்சுக் குத்தினோம். பூப் பூவாய் வந்தது. மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்தோம். ‘அம்மா, மஞ்சளுக்குள்ளை வெள்ளையைப் போட்டால் ஏன் சிவப்பு வருது?’ என்று கேட்டாள். நான் அன்றிரவு படித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். கிழமையின் ஏழு நாளுக்கும் ஏழு துணிப்பை தைத்துச் சுவரில் கொழுவினோம். வெள்ளிக்கிழமைப் பையில் அன்று சமைக்கிற பூசணிக்காயின் படம், ஞாயிற்றுக்கிழமைப் பையில் நண்டு. என் மகள் நாட்களைச் சட்டியால் படித்தாள்.

புத்தகமும் உண்டு. எழுதப் பழக்கக்கூடாது என்றாரே தவிர, வாசித்துக் காட்டக்கூடாது என்று யார் சொன்னது? நூலகத்தில் இருந்து எடுத்து வந்தவை, பிஸ்கட் பெட்டி மட்டையில் நானே வெட்டித் தைத்தவை... அதில் ‘அணிலுக்குப் பசிக்குது’ என்று நான் எழுதிய ஒன்று அவளுக்கு உயிர். மத்தியானம் சாப்பிட்டதும் மடியில் வந்து ஏறிவிடுவாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பேன். அது என் பழக்கம், அவ்வளவுதான்.

புரட்டாதியில் ஒரு காலை அண்ணை வந்தார். அண்ணியைக் கிளினிக்குக் கூட்டிப்போக வேண்டும். கிளினிக் திறக்க நேரம் இருந்தது. அவர்களுடைய மகள் தர்சிக்கு நேசரி லீவு. தர்சிக்கும் அபிக்கும் ஒரே வயது. ‘மத்தியானம் வரைக்கும் பாத்துக்கொள்’ என்றார். தேத்தண்ணி ஊற்றி வைத்தேன். ‘வேண்டாம்’ என்றார்.

‘தர்சி, மாமிக்கு எழுதிக் காட்டு.’

தர்சி தன் பையில் இருந்து சோக்கை எடுத்து நிலத்தில் ஆனா, ஆவன்னா என்று அழகாய் எழுதிக்கொண்டே போனாள். கெட்டிக்காரப் பிள்ளை. அண்ணையின் முகத்தில் வெளிச்சம். பிறகு அபியைப் பார்த்தார். அவள் ஒரு பேசின் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு இருந்தாள். எது மிதக்கும், எது தாழும் என்பது அன்றைய பாடம்.

‘கம்பஸ் படிச்ச ஆளின்ரை பிள்ளை சட்டி கழுவுது’ என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் அலுமாரியின் மேலே கை வைக்கலாமா என்று யோசித்தேன்.

அபி ஒரு பெரிய ஆணியைத் தண்ணீரில் போட்டாள். தாழ்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

‘மாமா, உங்கடை வள்ளத்திலை இருக்கிற எஞ்சின் இரும்புதானே?’

‘ஓம்.’

‘ஆணி சின்ன இரும்பு. தாண்டு போச்சு. எஞ்சின் பெரிய இரும்பு. அது ஏன் தாழேல்லை?’

அண்ணை சிரித்தார். ‘அது வள்ளத்திலை இருக்குதெல்லோ.’

‘அப்ப ஆணியையும் வள்ளத்திலை வைப்பமே?’

ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து மிதக்க விட்டு, அதற்குள் ஆணியை வைத்தாள். மிதந்தது. தர்சி சோக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்து இன்னொன்று வைத்தாள். அதுவும் மிதந்தது.

‘இனித் தாங்காது’ என்றார் அண்ணை.

தாங்கியது.

‘மாமா பிழை’ என்றாள் அபி. ‘அப்பா பிழை’ என்றாள் தர்சி, அதைவிடச் சந்தோஷமாய்.

‘பொறு, பொறு... இந்தா, இதோடை தாழும் பார்.’ அண்ணை குந்திவிட்டார். இன்னொரு ஆணி. இன்னொன்று. மூன்று தலையும் பேசினுக்கு மேலே ஒன்றாய்க் குனிந்திருந்தன. ஆணி முடிந்ததும் மோட்டார்சைக்கிளைக் கிளப்புகிற திறப்பை எடுத்து வைத்தார். சிரட்டை ஒருமுறை சரிந்து, திறப்போடு அடியில் போய் நின்றது. மூவரும் ஒரே நேரத்தில் ‘ஓ...’ என்றார்கள்.

சட்டைக் கையை மடக்கித் திறப்பைத் தேடி எடுத்தவர், அப்படியே ஆறிப்போன தேத்தண்ணியையும் எடுத்துக் குடித்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

போகும்போது கேட்டேன்: ‘அண்ணை, விஜயதசமிக்கு...’

‘பாப்பம்.’

எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்காவது தெரியுமா?

போன கிழமை விஜயதசமி. கோயிலில் நல்ல சனம். எங்கள் முறை நெருங்குகிறது. அண்ணையைக் காணவில்லை. ‘நான் மடியிலை வைச்சிருக்கிறன், வா’ என்றார் கணவர். ‘கொஞ்சம் பொறுங்கோப்பா’ என்று பின்னால் நின்ற குடும்பத்தை முன்னுக்கு விட்டேன். பிறகு இன்னொரு குடும்பத்தை. ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போதுதான் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் தர்சியோடு அண்ணை வந்தார். ‘மோட்டார்சைக்கிள் ரயர் காத்துப் போட்டுது’ என்றார். நேரே போய்ச் சப்பாணி கட்டி இருந்து அபியை மடியில் தூக்கி வைத்தார்.

ஐயர் விரலைப் பிடித்து அரிசியில் வளைத்து எழுதினார். ‘சொல்லுங்கோ பிள்ளை, ஆனா.’

அபி சொல்லவில்லை. தலையைச் சரித்து அரிசியையே பார்த்தாள். ‘சொல்லுங்கோ...’ மறுபடியும் இல்லை. அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது.

‘இவர் எங்கடை வீட்டிலை இருக்கிறார்’ என்றாள் அபி.

‘ஆர் பிள்ளை?’

‘இவர்தான். அணில் புத்தகத்திலை முன்னுக்கு நிக்கிறவர்.’

ஐயரின் பிடியில் இருந்து விரலை இழுத்து, பக்கத்திலேயே தானாக ஒன்று எழுதினாள். எழுத்தின் வயிறு மறுபக்கம் திரும்பியிருந்தது. கால் எங்கேயோ போயிருந்தது. ஆனாலும் அது ஆனாதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தார். எனக்குக் கண் நிறைந்து, அரிசியும் தெரியவில்லை, ஆனாவும் தெரியவில்லை.

வெளி வீதியில் அண்ணை மெதுவாய்க் கேட்டார். ‘நீ ஒளிச்சுப் பழக்கினனியோ?’

‘சத்தியமாய் இல்லை அண்ணை. வாசிச்சுக் காட்டினது மட்டும்தான்.’

‘அதுக்கே பிள்ளை பிடிச்சிட்டுதோ?’

‘ஓம்.’

தர்சி முன்னால் அபியோடு கை கோத்துப் போய்க்கொண்டிருந்தாள்.

‘என்ரை பிள்ளை எழுதுவாள். கதை கேட்டதில்லை’ என்றார். ‘எனக்கு வாசிப்பு ஓடாது, உனக்குத் தெரியும். பின்னேரத்திலை கொண்டுவந்து விட்டால்... தர்சிக்கும் வாசிச்சுக் காட்டுவியோ?’

என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

நாங்கள் பழக்கிக்கொடுப்பதை மட்டும் பிள்ளைகள் பழகுவதில்லை என்று இப்போது தெரிகிறது. பக்கத்தில் விரல் ஓடினாலே போதும், கண்ணும் கூடவே ஓடிவிடும். என் பென்சில்கள் அலுமாரியில் இருந்து இறங்கிவிட்டன. தர்சி நேசரி விட்டதும் வருகிறாள். செய்தி எப்படிப் பரவியதோ, பக்கத்து வீட்டு இரட்டையரும் நேற்று வந்து வாசலில் நின்றார்கள். ‘அன்ரி, எங்களுக்கும் ஆணி தாங்கோ.’

நாலு பிள்ளை. அவர்கள் உயரத்துக்கு வீட்டில் ஒரு மேசை இல்லை. இன்று காலை அண்ணையிடம் சொன்னேன். மரம் அறுக்கிற வாளோடு வந்தார். அளந்தோம், அறுத்தோம், அரத்தால் தேய்த்தோம். மிச்சமாய் விழுந்த நாலு கால்துண்டும் மிதக்குமா என்று இப்போது பேசினடியில் சண்டை நடக்கிறது.

எங்கள் சாப்பாட்டு மேசை முழங்கால் உயரத்தில் அழகாய் நிற்கிறது. கணவர் வேலை முடிந்து இன்னும் வரவில்லை.