சாப்பாட்டு மேசைக்கு ஏழு கரும்பலகை

ஆறாம் வகுப்பில் கரும்பலகைக்குக் கரி பூசும் பொறுப்பு என்னுடையது. இதை இப்போதும் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் மட்டும் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்த விழுதைப் பலகையில் தேய்த்துக்கொண்டு நிற்பேன். திங்கள்கிழமை காலையில் டீச்சர் எழுதும் முதல் எழுத்து பளிச்சென்று விழும். அதில் பாதிப் புகழ் எனக்குச் சேரவேண்டியது என்பது என் எண்ணம். போதாக்குறைக்கு, கையெழுத்திலும் நான்தான் வகுப்பில் முதல். தலைக்கனம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், அக்காவுக்குத் தலைதீபாவளி. புதுத்துணி, பலகாரம், வெடி என்று வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் பேசியது ஒரே விஷயத்தைத்தான். அத்தானின் பெரியப்பா நம் வீட்டில் கை நனைப்பாரா, மாட்டாரா?

அவரை நானும் தம்பியும் பெரிய மாமா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். எட்டயபுரம் தாண்டி உள்ளே போகும் ஒரு கரிசல் ஊர்க்காரர். அத்தான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவருடைய அப்பா தவறிப்போனார். அதன்பிறகு உளுந்தும் பருத்தியும் போட்டு, தம்பி மகனைத் தன் மகனாக வளர்த்து, காலேஜ் வரை படிக்கவைத்து, தூத்துக்குடியில் வேலைக்கு அனுப்பியது பெரிய மாமாதான். அப்பேர்ப்பட்டவரின் பேர் ஆவணியில் நடந்த கல்யாணத்தின் பத்திரிகையில் விட்டுப்போய்விட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பட்டியலை அச்சகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவர் அப்பா. அச்சாகும் முன் இரண்டு தடவை சரிபார்த்தவரும் அப்பாதான். எப்படி விட்டுப்போனது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ஊர் டீக்கடையில் யாரோ பத்திரிகையை உரக்க வாசித்திருக்கிறார்கள். பெரிய மாமா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா எல்லாம் வந்தார்கள். கடைசியில் அச்சகத்தின் பேர்கூட வந்துவிட்டது.

"அச்சடிச்சவன் பேரு இருக்கு, வளத்தவன் பேரு இல்லையால?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனாராம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தக்காரர்களுக்குள் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்கள். சாப்பிடமாட்டார்கள். அவர் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அப்பா மூன்று தடவை ஊருக்கே போய் மன்னிப்புக் கேட்டும் அசையவில்லை. பெரியப்பா சாப்பிடாத வீட்டில் நானும் சாப்பிடமாட்டேன் என்று அத்தான் அக்காவிடம் சொல்லிவிட்டார். தலைதீபாவளிக்கு அழைக்கப் போன அப்பாவுக்குப் பெரிய மாமாவிடம் கிடைத்த பதில் இதுதான்: தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் பிள்ளைகள் இரண்டு பேரையும் உங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவேன், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அம்மா அன்றைக்கு முறுக்கு மாவு பிசைந்துகொண்டே அழுதாள்.

மாப்பிள்ளை டவுனில் மேசையில் சாப்பிட்டுப் பழகியவர் என்று அப்பா ஒரு மேசைக்கு ஏற்பாடு செய்தார். அவர் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லீவு விட்டுவிட்டதால் அங்கிருந்த நீள மேசையும் இரண்டு பெஞ்சும் தள்ளுவண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வந்த பிறகுதான் மேசையின் லட்சணம் தெரிந்தது. வருஷக்கணக்காகக் கொட்டிய பசை காய்ந்து, லேபிள் துண்டுகள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, தேய்த்தும் போகவில்லை. படுக்கை விரிப்பைப் போட்டு மூடிவிடலாம் என்றாள் அம்மா. புது மாப்பிள்ளைக்குப் படுக்கை விரிப்பின் மேலா சோறு என்றார் அப்பா.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. இலைக்கு அடியில் ஆளுக்கொரு அட்டை வைத்தால் என்ன? அட்டைக்குக் கரி பூசினால் அது கரும்பலகை. கரும்பலகை என்றால் எழுதலாம். எழுதலாம் என்றால் என் கையெழுத்து! தம்பியை இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன்.

அட்டைக்குப் பஞ்சமில்லை. அப்பா கொண்டுவந்து போட்ட கழிவு அட்டைகள் பரண் நிறையக் கிடந்தன. ஒரே அளவில் ஏழு வெட்டினேன். வேலியில் படர்ந்திருந்த கோவைக்கொடியை மொட்டையடித்தோம். கரியை இடித்துச் சலிக்கும் வேலை இரண்டாம் வகுப்புத் தம்பிக்கு. கால்மணி நேரத்தில் அவனுக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாக இருந்தன.

"ஏலே, யாருலே நீ?" என்று அம்மா கேட்டதும், தன்னை நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து அவன் ஓவென்று அழுதான்.

முதல் பூச்சு தோல்வி. தொட்டால் கையெல்லாம் கரி. மாப்பிள்ளையின் புது வேட்டியில் இது பட்டால் என்ன ஆகும்? அப்போது மேசையில் காய்ந்து கிடந்த பசையே வழி காட்டியது. தேய்த்தும் போகாத பசை! கொஞ்சம் மைதாவைக் காய்ச்சி விழுதில் கலந்து பூசினேன். கரி அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் அது ஐப்பசி. வானம் மூன்று நாளாக மூடிக்கிடந்தது. அட்டைகள் காயாமல் அப்பளம் மாதிரி நெளிந்தன. இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு, மேலே துணி விரித்து, ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். வீடெல்லாம் கருகின மைதா வாடை. அப்பா ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து அட்டையின் மேல் அழுத்தி இழுத்துப் பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது. "கெட்டிக்காரிதான்ட்டி நீ" என்றார். நானும் தம்பியும் முற்றத்து மழையில் குதித்த குதியில் அம்மா வந்து ஆளுக்கு ஒன்று வைத்தாள். அதுகூட வலிக்கவில்லை.

அடுத்தது எழுத்து. பெரியவர்களின் பேரை வாயால் சொல்வதே தப்பு, எழுதுவது எப்படி? அதனால் அப்பா, அம்மா, அக்கா, அத்தான், தம்பி என்று முறையைத்தான் எழுதினேன். எனக்கு 'நான்' என்று எழுதிக்கொண்டேன். ஏழாவது அட்டையை எடுத்ததும் கை நின்றது. பெரிய மாமாவின் கோபமே பேர் விட்டுப்போன கோபம்தானே? அவருக்கு முறை எழுதி என்ன பிரயோசனம்? பத்திரிகையில் விட்டதை மேசையில் போட்டுவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். பஸ்ஸுக்குப் போகிற மனுஷர் தன் பேரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார். இது இத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையை முன்னால் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் போட்டிருந்த அதே தோரணையில், நான்கு தடவை அழித்து, ஐந்தாம் தடவை எழுதினேன். 'உயர்திரு. வெ. பெருமாள்சாமி அவர்கள்'. அவர் எங்கே நின்றாலும் தெரியவேண்டும் என்று மேசையின் தலைமாட்டில் வைத்தேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் சமையல் முடிந்து, இலை போட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஏட்டி பாவி! பெரிய மனுசன் பேரு மேல எச்சி எலையப் போடவா? ஏற்கெனவே இருக்கது போதாதாட்டி? அழி, அழி!"

அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. எழுத்து இருக்கிற காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற வீடு எங்களுடையது. அதன்மேல் எச்சில் இலையா? ஈரத்துணியைத் தேடி ஓடினேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்காவின் குரல். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆரத்தித் தட்டோடு ஓடினாள்.

பெரிய மாமா நடை தாண்டி வரவில்லை. குதிகாலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. குடையை மடக்கவும் இல்லை.

"பிள்ளைகளை விட்டாச்சு. நான் வாரேன்" என்றார்.

"அண்ணாச்சி, மழை விடட்டும். ஒரு நிமிசம் உள்ள வந்து நின்னுட்டாவது போங்க" என்றார் அப்பா. அவர் கை கூப்பியிருந்தது. நான் அதற்கு முன் அப்பாவை அப்படிப் பார்த்ததில்லை. அத்தான் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு பெரிய மாமாவின் முகத்தையே பார்த்தாள். மழை அந்த நேரம் பார்த்து வலுத்தது. குடையோடு நிற்க முடியாமல் அவர் உள்ளே வந்தார்.

வந்தவர் கண்ணில் மேசைதான் பட்டது.

"என்ன தாயி இது, பள்ளிக்கூடமா நடக்கு இங்கன?"

அம்மா அந்த அட்டையை எடுக்கப் போனாள். நான் முந்திக்கொண்டேன். அழிக்காமல் விட்டது தப்பு என்று தெரிந்தும், அந்த எழுத்தை ஒருவரும் பார்க்காமல் அழிப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

"அது உங்க பேரு, பெரிய மாமா!"

"ஏம் பேரா?" அவர் கிட்டே வந்தார். "எங்கன இருக்கு?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. இருக்கிற ஏழில் பெரிய எழுத்து அதுதான். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, டீச்சர் மாதிரி உரக்க வாசித்தேன். உயர்திரு என்றபோது அவர் என்னைப் பார்த்தார். அவர்கள் என்று முடித்ததும், "திரும்ப ஒருக்க சொல்லு" என்றார். சொன்னேன். இந்தத் தடவை என் விரலுக்குப் பின்னாலேயே அவர் விரலும் வந்தது. தடித்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல். அது போன வழியெல்லாம் சாக்பீஸ் கலைந்தது.

"ஐயோ, அழிச்சிட்டீங்களே!" என்று நான் கத்திவிட்டேன். அக்கா என் தோளைக் கிள்ளினாள்.

அவர் கோபப்படவில்லை. குடையைச் சுவரில் சாத்திவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "இன்னொருக்க எழுது தாயி. மெதுவா எழுது" என்றார். நான் எழுதினேன். எழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இலையோடு தயங்கி நின்றாள். "அண்ணாச்சி, பிள்ளை தெரியாம வச்சிட்டா. எடுத்துருதேன்."

"எடுக்காதீக. எலைய அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க தங்கச்சி. இது இங்கன இருக்கட்டும்."

இலை விழுந்தது. அவர் தண்ணீர் தெளித்தார். சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும், அக்கா அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். அப்பா பரிமாறுகிறேன் என்று அப்பளத்தை அவர் இலையில் வைப்பதற்குப் பதில் மேசையில் வைத்தார். அத்தான் அதை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டு சிரித்தார். நான் ஜெயித்துவிட்டேன். ஆறாம் வகுப்புப் பெண்ணின் கையெழுத்து ஒரு குடும்பச் சண்டையைத் தீர்த்துவிட்டது!

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் இன்னும் மூன்று தடவை எழுதச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் துண்டால் அவரே துடைத்தார். சாக்பீஸ் கட்டை விரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. கடைசியாக எழுதியதை அழிக்காமல், "இதை நான் கொண்டுபோகட்டா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். அட்டையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து ரசித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன். அவரும் சிரித்தார். அத்தான் மட்டும் குனிந்துகொண்டார். அப்பா பாலிதீன் தாளில் சுற்றிக் கொடுக்க, மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பஸ் போன பிறகும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் ஓடினேன்.

"பெரிய மாமாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா. பேரு முன்னாலயே இருக்கு, எங்கன எங்கனன்னு கேக்காரு. பாவம், ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுங்க."

அப்பா பஸ் போன திசையைப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்த முடியைத் துடைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பெரிய மாமாவின் ஊருக்குக் கிளம்பினார். கண்ணாடி வாங்கியிருக்கிறாரா என்று ஆசையாகப் பையைத் திறந்து பார்த்தேன். பெரிய டப்பா ஒன்று நிறையச் சாக்பீஸ்தான் இருந்தது. கண்ணாடி விலை கூடுதல் என்று சாக்பீஸோடு முடித்துக்கொண்டார் போல என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரிய மாமாவுக்காக இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவே இல்லை.