கிழிந்த வாக்குத்தத்த அட்டை

மழையில் நனைந்த ரெயின்கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரில் பெட்ரோல் வாசம் வரும். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் அப்பாக்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். எல்லைக்கு இந்தப் பக்கம், செடெனாக்கில், எங்கள் வீட்டு இரும்புக் கதவில் அந்த நீல ரெயின்கோட் தொங்கினால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். நான் டியூஷன் விட்டு வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

எனக்குப் பதின்மூன்று வயதான ஆண்டின் புத்தாண்டுக் காலை ஆராதனையில், வழக்கம்போல "வாக்குத்தத்த" அட்டைகள் நிறைந்த தட்டு வரிசை வரிசையாக வந்தது. குடும்பத்துக்கு ஓர் அட்டை; அதில் இருக்கும் வசனம்தான் அந்த ஆண்டு முழுவதற்கும் கடவுள் அந்த வீட்டுக்குக் கொடுத்த வார்த்தை என்று எங்கள் சபையில் நம்புவார்கள். எங்கள் வீட்டுக்கு நான்தான் எடுத்தேன். வெளியே போவதையும் திரும்பி வருவதையும் கடவுள் காப்பார் என்ற வசனம் வந்தது. "தம்பாக்" என்று நாங்கள் சொல்லும் கடற்பாலத்தைத் தினமும் தாண்டுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்பா அதை ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, என் கை ராசியான கை என்றார்.

மூன்றே மாதத்தில் கொரோனா வந்து எல்லையை மூடினார்கள். அந்தப் பக்கம் தங்கினால் வேலை உண்டு, இந்தப் பக்கம் இருந்தால் இல்லை. அப்பாவும், அதே கம்பெனியில் வேலை செய்த பக்கத்து வீட்டு மாலா அக்காவின் கணவரும் ஆளுக்கொரு பையோடு பஸ் ஏறினார்கள். "ரெண்டு வாரம்தான் லா, மூஞ்ச இப்படி வச்சிக்காத" என்றார் அப்பா. ரெயின்கோட் கதவிலேயே தங்கிவிட்டது.

இரண்டு வாரமாம்! மாதங்கள் போயின. சனிக்கிழமை கைப்பேசி ஜெபக் கூட்டத்தில் சபை மூப்பர் ஆல்பர்ட் அங்கிள், தன் பிள்ளைகுட்டிகள் எல்லாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "விசுவாசத்துல குறை இருந்தா பதில் தாமதமாகும், சிஸ்டர்" என்று அம்மாவுக்குச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ்பெட்டியிலிருந்து அட்டையைப் பிய்த்து இரண்டாகக் கிழித்தேன்.

"பொய்! கடவுள் பொய் சொல்லிட்டாரு!"

அடி விழும் என்று நின்றேன். அம்மா துண்டுகளைப் பொறுக்கி டேப் போட்டு ஒட்டினார்.

"அத அவருகிட்டயே சொல்லு. நானும் தெனம் பாத்திரம் கழுவும்போது சண்டதான் போடுறேன். ஆள் இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராச்சும் கத்துவாங்களா? கேக்குறாருன்னு தெரிஞ்சுதான் கத்துறேன்."

வாரந்தோறும் அம்மா அப்பாவின் ரெயின்கோட்டில் படிந்த பூஞ்சையைத் துடைத்து, மறுபடி அதே கதவில் மாட்டினார். "வர்ற மனுசன் மறுநாளு மழைல நனைஞ்சுகிட்டா வேலைக்குப் போவாரு?" என்பார். கடுகடுவென்றுதான் சொல்வார், ஆனால் அப்பா வருவாரா என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை.

இரண்டாம் ஆண்டில் மாலா அக்காவின் கணவர் அந்தப் பக்கத்திலேயே நோயில் இறந்துபோனார். அக்கா கைப்பேசித் திரையில்தான் அவரை வழியனுப்பினார். அக்காவும் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுதானே இருந்தார்? ஒரு நாளாவது விளக்கு வைக்கத் தவறினாரா?

அந்த ஆண்டு முடிவதற்குள் அப்பா வந்தார். நான் கட்டிப்பிடிக்கவில்லை. "ரெண்டு வாரம்னு சொன்னீங்க!" என்று கத்தினேன். பையைக் கீழே வைக்காமல் அவர் வாசலிலேயே நின்று அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை ஆல்பர்ட் அங்கிள் அம்மாவைச் "சாட்சி" சொல்ல அழைத்தார். எங்களை மட்டும் கடவுள் காத்த கதையைக் கேட்கத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். அம்மா மைக்கைப் பிடித்தார்.

"எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு. மாலா வீட்டுக்காரரு வரல. எங்க விசுவாசம் பெருசுன்னு யாரும் சொல்லாதீங்க. எனக்கு நன்றியும் இருக்கு, கோவமும் இருக்கு. ரெண்டையும் அவருகிட்டதான் கொண்டு வந்திருக்கேன், வேற எங்க போவேன்?"

அப்பா மட்டும் உரக்க "ஆமென்" என்றார்.

அப்பா இப்போது இந்தப் பக்கமே, கூலாயில் வேலை செய்கிறார். ரெயின்கோட் கிழிந்து குப்பைக்குப் போய்விட்டது. மாலா அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்காக்கில் அண்ணன் வீட்டோடு போய்விட்டார். இப்போது தம்பாக்கைத் தினமும் தாண்டுகிறவள் நான். என் பாஸ்போர்ட் உறைக்குள் அந்த அட்டை இருக்கிறது. எழுத்து அழிந்து, மஞ்சளான டேப் மட்டும்தான் மிச்சம். குடிநுழைவு வரிசையில் நிற்கும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு, மாலா அக்காவின் கணவரை ஏன் காக்கவில்லை என்றுதான் கடவுளிடம் முதலில் கேட்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நானும் விடுவதாக இல்லை.