தலையில் தட்டினால் பேசும் நாய்

போன வாரம் மருமகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு ரோபோ நாய்க்குட்டி. கண்ணில் கமெரா, கழுத்தில் மைக், வைஃபை வேறு! "மாமி, நீங்கள் கதைக்கிறது எல்லாம் அதுக்கு விளங்கும்" என்றாள் பெருமையாக. அதோடு என் வாய் மூடிக்கொண்டது. தேத்தண்ணீரை அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

சரியான பயந்தாங்கொள்ளி என்கிறீர்களா? இதைக் கேளுங்கள்.

யுத்த காலம். நான் மன்னார் தீவில், தோட்டவெளியில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ரீற்றா, அவள் கணவன் யூட், ஆறு வயது மகள் டிலானி. யூட்டுக்குக் கடல்தான் தொழில். ஆனால் கடலுக்குப் போக நேவி விட்டால்தானே?

ஜெர்மனியில் இருந்த ரீற்றாவின் தம்பி, டிலானிக்கு ஒரு பொம்மை நாய் அனுப்பியிருந்தான். பற்றரி போட்டால் நடக்கும், வாலாட்டும். காதை விரலால் அமர்த்தினால் பக்கத்தில் நடக்கும் பேச்சைப் பத்து விநாடி பதிந்துவைக்கும். தலையில் தட்டினால், அதே குரலில் திருப்பிச் சொல்லும். டிலானி நாள் முழுக்க அதன் காதைத்தான் அமர்த்திக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை ஊரில் சுற்றிவளைப்பு. ஆமிக்காரர் வீடு வீடாக வந்தார்கள். நான் ரீற்றாவின் குசினியில் சமையலுக்கு உதவிக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அலுமாரியைக் கிளறினான். பிறகு நாயைக் கண்டான்... சிரித்தான். தலையில் தட்டினான்.

"வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிடவேணும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது..."

ரீற்றாவின் குரல்! முதல்நாள் யூட்டிடம் இரகசியமாகச் சொன்னது. ராமேஸ்வரத்துக்கு வள்ளத்தில் தப்பிப் போகும் திட்டம் அது. வெளியாட்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரீற்றா கையிலிருந்த பீங்கானை நழுவவிட்டாள். அது உடைந்த சத்தத்தில் மிச்சப் பேச்சு கேட்கவில்லை. அவன் நிமிர்ந்தான்.

"எங்க போறது?"

தமிழ் தெரிந்தவன்!

"மடு மாதா கோயிலுக்குத் தம்பி" என்றேன், ரீற்றாவை முந்திக்கொண்டு.

"ஏன் சொல்ல வேணாம்?"

"சொன்னால் ஊரே வெளிக்கிடும். வான் வண்டியில இடம் காணாது."

அவன் என்னையே பார்த்தான். பிறகு நாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "காம்ப்ல பார்த்துட்டுத் தாறன்" என்று போய்விட்டான். டிலானி வீறிட்டு அழுதாள்.

ரீற்றா மகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "அக்கா, அதுக்குப் பிறகு 'வள்ளக்காரர் பாத்துக்கொண்டு நிக்கமாட்டினம்' எண்டும் சொன்னனான். அதுவும் அதுக்குள்ள இருக்குமே?"

எனக்கு என்ன தெரியும்? வாசலில் சைக்கிள் பெல் அடித்தாலும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். காம்பில் யார் தட்டுகிறார்களோ, யார் கேட்கிறார்களோ... வெள்ளிக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. புதன் விடியவே போய்விட்டார்கள். விடைபெறக்கூட நேரமில்லை.

வெள்ளி மத்தியானம் அவன் வந்தான், நாயோடு. பூட்டிய வீட்டைப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளை எங்க?"

"மடுவுக்குப் போனவை. இன்னும் வரேல்லை."

கடல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நாயை என் கையில் தந்தான். "வந்தா குடுங்கோ" என்றான். அவ்வளவுதான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு நாயின் தலையில் தட்டினேன். அவன் குரல். தயங்கித் தயங்கி, சிங்களத்தில்: "அம்மே... மம கெதர எனவா. ஆயே யன்னே நே."

அரசாங்கக் கந்தோர் வேலையில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். அம்மா, வீட்டுக்கு வருகிறேன், இனித் திரும்பிப் போகமாட்டேன்.

ஆமியை விட்டு ஓடப்போகிறான்! மறந்துபோய் அழிக்காமல் விட்டுவிட்டானா? யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்ததா? நாளைக்கு இன்னொருத்தன் வந்து இந்தத் தலையில் தட்டினால் இவன் கதி என்ன?

நாயின் காதை அமர்த்தி, "அருள் நிறைந்த மரியே வாழ்க..." என்று பத்து விநாடியும் விடாமல் சொன்னேன். அவன் குரல் அழிந்தது.

இரண்டு மாதம் கழித்து மண்டபம் அகதி முகாமிலிருந்து ரீற்றாவின் கடிதம் வந்தது. மூன்று பேரும் சுகம்.

அவன் வீடு போய்ச் சேர்ந்தானா? இன்னும் என்னிடமே இருக்கும் அந்த நாயைத் தட்டிக் கேட்டால், அது என் செபத்தைத்தான் சொல்கிறது.