கரிநாளில் வண்டிச் சாவி

வருஷத்தில் இரண்டே நாள்தான் குடிப்பேன் என்று சொல்லும் ஆண்பிள்ளைகள் எனக்கு இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், இன்னொருவன் என் தம்பி. தீபாவளி ஒரு நாள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வரும் கரிநாள் ஒரு நாள். அந்த இரண்டு நாளும் எப்போது கழியும் என்று இருப்பேன். மற்ற நாளெல்லாம் தங்கமான மனுஷர்கள் என்பதால் யாரிடம் போய்ப் புலம்புவது என்றும் தெரியாது.

நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். தம்பி விழுப்புரத்தைத் தாண்டி, கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டு இரண்டு கறவை மாடுகளோடு இருக்கிறான். பிறந்த வீட்டுச் சீரைப் பொங்கலுக்கு முன்பே கொண்டுவந்து கொடுப்பதுதான் முறை. அறுப்பு, மாட்டுப் பொங்கல் என்று இவனுக்கு ஒழியாமல், எங்கள் வீட்டில் அது கரிநாளுக்குத் தள்ளிப்போய், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பைக்கில் கரும்பைக் கட்டிக்கொண்டு, முன்னால் எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுவான்.

சீர் கொண்டுவந்த மச்சானை வெறும் சோறு போட்டு அனுப்பினால் மரியாதை இல்லை என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. மாட்டுப் பொங்கலன்று டாஸ்மாக் கடை அடைப்பு. அதனால் மனுஷர் அதற்கு முந்தின நாளே இரண்டு மடங்காக வாங்கி, பீரோவில் என் புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். எனக்குத் தெரியாதாம்!

வெளியே எங்காவது ஏரிக்கரையில் உட்கார்ந்து குடிக்க வேண்டாம், வீட்டிலேயே குடியுங்கள் என்று சொன்னது நான்தான். கண் முன்னால் இருப்பார்கள், வயிற்றில் சோறும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஈரல் வறுத்து வைப்பதும் நான்தான். பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நீயே ஊத்திக் குடுப்ப போலக்குதே" என்றார். பாதுகாப்புக்குத்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

போன வருஷக் கரிநாள். தம்பி இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்தபோதே, டிவி ஸ்டாண்டு மேல் கிடந்த அவன் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. மூன்று மணிக்கு எழுந்து நின்றான்.

"அக்கா, சாவி எங்க? மாடு கத்திக்கினு இருக்கும்."

அது உண்மைதான். அவனிடம் இருப்பதில் ஒரு மாடு, அவனைத் தவிர யாரையும் மடியில் கை வைக்க விடாது. சாயந்திரம் அவன் கறந்தாக வேண்டும். ஆனால் கரிநாளன்று விழுப்புரம் ரோட்டில் வருகிறவன் போகிறவன் எவன் நிதானத்தில் இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? இவனும் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர வேண்டுமா?

"தலைக்குத் தண்ணி ஊத்தி மோரு குடுடி, எறங்கிடும்" என்று என் வீட்டுக்காரர் பாயில் படுத்தபடியே வைத்தியம் சொன்னார். அவருக்கே எழுந்து உட்கார முடியவில்லை. நானும் கேட்டேனே, என்னைச் சொல்ல வேண்டும்! ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். தலையில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே தூங்கினான். எழுந்து தலை சீவிக்கொண்டு வந்து நின்றபோது முகம் பளிச்சென்று இருந்தது. பேச்சும் குழறவில்லை. எனக்குக் குழம்பிப் போயிற்று. தெளிந்துவிட்டானோ? நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ? கை இடுப்புக்குப் போய்விட்டது.

அப்போது அவன் வாசலில் செருப்பு மாட்டினான். ஒரு காலில் அவன் செருப்பு, இன்னொரு காலில் என் வீட்டுக்காரர் செருப்பு. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"டேய், செருப்பப் பாரு."

"இது என்துதாங்கா." குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

கையை இடுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். "சாவி கெடையாது. பஸ்ஸுல போ."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "குடி குடின்னு ஊத்துனது யாரு? ஈரல் வறுத்து வெச்சது யாரு? இப்ப சாவியப் புடுங்கிக்கினு நிக்கறது யாரு? முன்னயே சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டேனே!"

அவன் கேட்டதில் ஒரு சொல் தப்பில்லை. பதில் இல்லாதவள் என்ன செய்வாள், கத்துவாள். "ரோட்டுல உன்ன வாரி எடுக்கச் சொல்றியாடா என்னை?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், "மச்சான அவமானப்படுத்தாத, குடுத்துத் தொலைடி" என்றார். ஆட்டோ பிடித்து, கூடவே போய், விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பஸ் கிளம்பும்வரை அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆறரை மணிக்கு அவன் பெண்டாட்டி போன் செய்தாள். "அண்ணி, இவரு இப்பத்தான் பஸ்ஸுலேந்து சொன்னாரு. சாவி குடுக்காதது சரிதாங்க. ஆனா ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? கன்னுக்குட்டியவாவது அவுத்து உட்டிருப்பேனே. கறக்கப் போனேன், எட்டி ஒதச்சுடுச்சு. மடி கல்லு மாதிரி கட்டிக்கினு நிக்குது. பேஜாரா போச்சு." அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. சரியென்று செய்த காரியத்திலும் ஒரு தப்பு.

எட்டு நாள் கழித்து வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் நின்றவன் நின்றபடியே போய்விட்டான், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. என் வீட்டுக்காரர் நான் செய்தது தப்பு என்றார். பக்கத்து வீட்டு அம்மா சரி என்றார். ஒரு நாள் அவர் சொல்வது நியாயமாகப் படும், மறுநாள் இவர் சொல்வது. உயிரைக் காப்பாற்றினேனா, உறவைக் கெடுத்தேனா என்று சோறு வடிக்கும்போதெல்லாம் யோசனை ஓடும்.

இந்த வருஷக் கரிநாளன்று பதினொரு மணிக்கே வாசலில் வண்டிச் சத்தம். கரும்போடு தம்பி! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் ஈரலை அடுப்பில் போட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம் வந்தால் கைக்குத் தெரிந்தது அதுதான்.

என் வீட்டுக்காரர் டம்ளரை நிரப்பி நீட்டினார். தம்பி வாங்கவில்லை.

"வேணாம் மாமா. வண்டி ஓட்டணும்."

"இன்னா மச்சான், இன்னும் கோவமா?"

"கோவம்லாம் இல்ல மாமா. சாயந்திரம் கறக்கணும். நீங்க குடிங்க."

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. ஈரல் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் நான் தம்பிக்குச் சுற்றிப் போட்டிருக்க வேண்டும். ஒரு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது அதைத்தானே? ஆனால் நம் வீட்டில் கை நனைக்கப் பிடிக்காமல், சீரை இறக்கிவிட்டுப் போக வந்தவன்போல உட்கார்ந்திருக்கிறானே என்று ஆத்திரமாக வந்தது. என்ன மனசு இது, எனக்கே புரியவில்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கயேன்டா. மாமா மூஞ்சியப் பாரு."

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. அப்படிப் பட்டிருந்தால்கூடத் தேவலை.

"அக்கா, போன வருஷம் பஸ்ஸுல உன்னத் திட்டிக்கினேதான் போனேன். விழுப்புரத்துல எறங்கறப்போ, நல்லவேளை எங்கக்கா இருந்தாளேன்னு தோணுச்சு. ரோஷம், அதான் வந்து சொல்லல. இப்ப நீயே சொல்றியேக்கா."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவன் சோறு சாப்பிட்டான். என் வீட்டுக்காரரிடம் நெல் விலையைப் பற்றிப் பேசினான். மூன்று மணிக்குக் கிளம்பினான். பார்த்துப் போடா என்று சொல்ல வாசலுக்கு ஓடினேன், படியிலேயே நின்றுவிட்டேன். நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது?

ஐந்து மணிக்குப் போன் வந்தது. "சேந்துட்டேங்கா" என்றான், அவ்வளவுதான். நான் போனைக் காதில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து தம்பி என் பேச்சை ஒரு நாளும் தட்டியதில்லை. போன கரிநாளன்று சாவி இல்லை என்றபோதுகூடத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினான். இன்று ஒரு நாள்தான் தட்டினான். அதனால் வீடு போய்ச் சேர்ந்தான்.